விற்பவரின் சட்டத்தரணியை நம்பி அரிசி ஆலை வாங்கினேன்

கிளிநொச்சி மாவட்டத்தில், ஏ-9 வீதியிலிருந்து சற்று உள்ளே நல்லபடியாக இயங்கிக்கொண்டிருந்த ஓர் அரிசி ஆலையை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். வன்னியில் ஆலையோ கடையோ வாங்க எண்ணியிருப்பவர்கள், எனக்கு நேர்ந்ததை அறிந்த பின் முற்பணம் கொடுக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

விலை பேசி முடித்த அன்று ஆலைக்காரர், “தம்பி, என்ர லோயரே ரெண்டு பேருக்கும் எழுதுவார், உங்களுக்கேன் வீண் செலவு?” என்றார். அவர் வயதில் மூத்தவர், ஊரில் மதிப்புள்ளவர். வேறு சட்டத்தரணியை நாடினால் தன்னைச் சந்தேகிப்பதாக எண்ணுவாரே என்று அஞ்சி ஒப்புக்கொண்டேன். அந்த அலுவலகத்தில் நான் அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. காணி எத்தகையது, ஆலைக்குக் கடன் உண்டா, வேலையாட்களின் ஊழியர் சேமலாப நிதி ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கிறதா என்ற எந்தக் கேள்வியும் அங்கே எழவில்லை. எழுதி வைத்திருந்த உடன்படிக்கையில் ஒப்பமிட்டேன். சட்டத்தரணியே நொத்தாரிசாகவும் இருந்ததால், அவருடைய முத்திரை விழுந்தவுடன் எல்லாம் சரிபார்க்கப்பட்டுவிட்டதாக நம்பினேன். நொத்தாரிசின் முத்திரை கையொப்பங்களுக்குச் சான்றே தவிர, விற்பவருக்கு விற்கும் உரிமை இருக்கிறது என்பதற்கான உத்தரவாதம் அல்ல என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஆலை நின்ற காணி, சொந்தக்காரர் தன் விருப்பப்படி விற்கக்கூடிய உறுதிக்காணி அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் (பெர்மிட்) மூலம் வழங்கப்பட்ட அரச காணி. குடியேற்றத் திட்டங்கள் நிறைந்த எங்கள் பகுதியில் இது புதுமையன்று. அத்தகைய காணியைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றிக் கைமாற்ற முடியாது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் விசாரித்திருந்தால் ஒரே நாளில் தெரிந்திருக்கக்கூடிய இந்த உண்மையை, சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தை என் பெயருக்கு மாற்றப் போன இடத்தில் காணி ஆவணம் கேட்டபோதுதான் அறிந்தேன்.

அதைவிட என்னை நோகடித்தது வேறொன்று. காலபோக அறுவடை முடிந்த கையோடு, முந்தைய போகத்தில் ஆலைக்கு நெல்லைக் கடனாகக் கொடுத்திருந்த விவசாயிகள் என் வாசலுக்கு வந்தார்கள். ஆலையின் பெயர் மாறவில்லை, ஆகவே கடனும் மாறவில்லை என்பது அவர்கள் நியாயம். பழைய கடன்களை விற்பவரே தீர்க்க வேண்டும் என்ற ஒரு வரிகூட உடன்படிக்கையில் இல்லாததால், எதைக் காட்டி மறுப்பது? வியர்வை சிந்தி விளைவித்தவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் சிலருக்கு நானே கொடுத்தேன். விற்றவர் சில மாதங்களில் அடுத்த ஊரில் புதிய ஆலை தொடங்கினார். அதைத் தடுக்கும் நிபந்தனையும் எழுதப்பட்டிருக்கவில்லை.

பின்னர் வவுனியாவில், என் சார்பில் மட்டும் செயற்பட்ட வேறொரு சட்டத்தரணியைச் சந்தித்தேன். இருக்கையில் அமர்ந்ததும் அவர் கேட்ட முதற்கேள்வி: “காணி உறுதியோ, பெர்மிட்டோ?” அடுத்து வேலையாட்கள், மின் கட்டண நிலுவை, வங்கி ஈடு, வியாபாரப் பெயர்ப் பதிவு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பணத்தின் ஒரு பகுதியைக் கடன்கள் தீரும்வரை நிறுத்திவைக்கும்படி எழுதியிருக்கலாம் என்றும் சொன்னார். அந்த ஆலோசனைக்கு அவர் பெற்ற கட்டணம், விவசாயிகளுக்கு நான் கொடுத்த பணத்தில் ஒரு சிறு துளி.

முதற் சட்டத்தரணியின் நடத்தை பற்றி உயர் நீதிமன்றத்துக்கு முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆலை இன்னும் என் பெயருக்கு மாறவில்லை.