ஆறு படங்களில் சாவித்திரி: ஒரு டிவிடி தொகுப்பின் மதிப்புரை

நடிகையர் திலகம் சாவித்திரி தமிழில் நடித்த படங்களிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுத்து, அவருடைய வாழ்க்கையைச் சொல்லும் சிறு நூல் ஒன்றையும் சேர்த்து, ஒரே பெட்டியில் வெளியிட்டிருக்கிறார்கள். மிஸ்ஸியம்மா, மாயா பஜார், களத்தூர் கண்ணம்மா, பாசமலர், கற்பகம், நவராத்திரி ஆகியவை அந்த ஆறு படங்கள். 1955 முதல் 1964 வரையிலான காலத்தை இவை தழுவுகின்றன. விலை 1,500 ரூபாய். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பழைய படங்களில் பல, பாதிப் பாட்டு காணாமலும், திரையின் மூலையில் யாரோ ஒருவருடைய முத்திரையோடும் இருப்பதால், காசு கொடுத்து வாங்கும் தொகுப்பில் முழுப் படத்தையும் நல்ல பிரதியில் பார்க்கலாம் என்று எதிர்பார்ப்பது நியாயமே. அந்த எதிர்பார்ப்பு பாதிதான் நிறைவேறுகிறது. எந்தப் பாதி என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் தேர்வைப் பாராட்ட வேண்டும். சாவித்திரி என்றதும் கண்ணீர் என்று எண்ணிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. பாசமலரின் ராதா மனத்தில் அவ்வளவு ஆழமாகப் பதிந்திருப்பதால், அவர் எத்தனை பெரிய நகைச்சுவை நடிகை என்பதே பலருக்கு மறந்துவிட்டது. இந்தத் தொகுப்பை மிஸ்ஸியம்மாவிலிருந்து தொடங்கியதன் மூலம் தொகுத்தவர்கள் அந்தக் குறையைச் சரிசெய்திருக்கிறார்கள். எல். வி. பிரசாத் இயக்கிய அந்தப் படத்தில் முதலில் நாயகியாக இருந்தவர் பானுமதி. அவர் விலகிய பிறகு, இரண்டாவது நாயகியாக ஒப்பந்தமாகியிருந்த சாவித்திரிக்கு மேரி வேடமும், சாவித்திரிக்கென வைத்திருந்த வேடம் ஜமுனாவுக்கும் கிடைத்தன. கணவன் மனைவி என்று பொய் சொல்லி ஒரே பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேரும் இருவரில், அந்தப் பொய்யைத் தாங்கிக்கொள்ள முடியாமல் எரிச்சலோடு திரிபவள் மேரி. சாவித்திரி அந்த எரிச்சலைக் குரலை உயர்த்தாமல் காட்டுகிறார். எதிரே நிற்கும் ஜெமினி கணேசன் இனிக்க இனிக்கப் பேசப் பேச, இவருடைய உதடுகள் இறுகுகின்றன, புருவம் ஒரு நொடி மேலே போய் இறங்குகிறது, அடுத்த நொடியில் வீட்டுக்காரர்கள் வருவதைப் பார்த்துப் புன்னகை வந்துவிடுகிறது. 'வாராயோ வெண்ணிலாவே' பாட்டில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் நிலவிடம் குறை சொல்கிறார்கள். பி. லீலாவின் குரலுக்கு வாயசைத்தபடி, கோபத்துக்கு அடியில் வேறு ஏதோ அரும்புவதை முகத்தில் கொண்டுவருகிறார் சாவித்திரி. இந்தப் படத்தின் பிரதிதான் தொகுப்பிலேயே சிறந்தது. மார்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே எத்தனை சாயல்கள் உண்டோ அத்தனையும் தெரிகின்றன.

அதே ஒளிப்பதிவாளர் பணியாற்றிய மாயா பஜார் அடுத்த தட்டில் இருக்கிறது. அங்கேதான் என்னுடைய முதல் புகார் தொடங்குகிறது.

இந்த ஆறு படங்களும் அகலத்துக்கும் உயரத்துக்கும் ஏறத்தாழ 4:3 என்ற விகிதத்தில் எடுக்கப்பட்டவை. இன்றைய டிவியின் திரையோ 16:9. பழைய படத்தை அதன் விகிதத்திலேயே காட்டினால் இருபுறமும் கறுப்புப் பட்டை தெரியும். அந்தப் பட்டையை வாடிக்கையாளர்கள் விரும்பமாட்டார்கள் என்று நினைத்தோ என்னவோ, மாயா பஜாரையும் கற்பகத்தையும் பக்கவாட்டில் இழுத்துத் திரையை நிரப்பியிருக்கிறார்கள். அப்படி இழுக்கும்போது ஒவ்வொரு உருவமும் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக அகன்றுவிடுகிறது. எந்த நடிகருக்குமே இது அநியாயம்தான். சாவித்திரியின் விஷயத்தில் இது இரட்டை அநியாயம். அவருடைய உடல் பருமனைப் பற்றிப் பேசுவதையே ஒரு விமர்சனமாக வைத்துக்கொண்டிருந்தவர்கள் அந்தக் காலத்திலும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். இந்தத் தட்டை முதல்முறையாகப் போட்டுப் பார்க்கும் இளைஞர் ஒருவர், இழுத்துப் பெருக்கப்பட்ட உருவத்தையே சாவித்திரி என்று எடுத்துக்கொள்வார். மாயா பஜாரில் வத்சலாவாக நடித்தபோது அவருக்கு 20 வயதைச் சற்றே கடந்திருந்தது.

இத்தனைக்கும் அந்தப் படத்தில் அவர் செய்திருப்பது உடலால் செய்யும் நடிப்பு. கடோத்கஜன் மாயத்தால் வத்சலாவின் உருவம் எடுத்துக் கல்யாண வீட்டுக்குள் வந்துவிடுகிறான். அந்த மாய வத்சலாவாகவும் சாவித்திரியே நடிக்கிறார். எஸ். வி. ரங்கா ராவின் கடோத்கஜனுக்கு ஒரு நடை உண்டு. தோளை விரித்து, காலை அகட்டி, தரை அதிர வைத்து நடப்பார். பட்டுச்சேலையும் நகையும் அணிந்த மெல்லிய பெண்ணின் உடம்பில் அந்த நடை திடீரென்று எட்டிப் பார்ப்பதும், யாராவது கவனித்தால் சட்டென்று நாணமாக மாறுவதும் இன்றைக்குப் பார்த்தாலும் வியப்பைத் தருகின்றன. ரங்கா ராவின் அசைவுகளை எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருந்தால் இது கைகூடியிருக்கும் என்று தோன்றுகிறது. அந்த நடையின் அளவும் ஒழுங்கும், பக்கவாட்டில் இழுத்த படத்தில் குலைந்துபோகின்றன. பல டிவிகளில் படத்தின் விகிதத்தை மாற்றும் வசதி உண்டு. அதில் 4:3 என்பதைத் தேர்ந்தெடுத்தால் இந்த இரண்டு படங்களும் சரியான வடிவத்துக்குத் திரும்பிவிடும். வாங்குபவர்கள் முதல் வேலையாக இதைச் செய்துவிட வேண்டும்.

பாசமலருக்கு அந்த வழியும் இல்லை. அதை இழுக்காமல், மேலும் கீழும் வெட்டித் திரையை நிரப்பியிருக்கிறார்கள். 4:3 படத்தை 16:9 ஆக வெட்டினால் உயரத்தில் கால் பங்கு போய்விடும்; போனதை எந்த டிவியாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஏ. பீம்சிங் முகங்களை நம்பிப் படம் எடுத்தவர். சிவாஜி கணேசனும் சாவித்திரியும் அண்ணன் தங்கையாக எதிரெதிரே நிற்கும்போது, வசனத்துக்குச் சமமாக முகத்துக்கும் வேலை கொடுத்தவர். 'மலர்ந்தும் மலராத' பாட்டில் அண்ணன் ஒரு வீட்டிலும் தங்கை இன்னொரு வீட்டிலும் தத்தம் குழந்தையோடு இருக்கிறார்கள். தாலாட்டாகத் தொடங்குவது, பிரிந்துபோன உறவை நினைத்து அழும் அழுகையாக மாறுகிறது. பி. சுசீலாவின் குரல் தாலாட்டின் மென்மையை விடாமல் பிடித்திருக்க, சாவித்திரியின் முகம் அதை மீறிப் போகப் பார்க்கிறது, அவர் அதை அடக்குகிறார், நெற்றி மட்டும் அடங்க மறுக்கிறது. அந்த நெற்றியை வெட்டி எறிந்துவிட்ட பிரதியில் இந்தப் பாட்டைப் பார்ப்பது வேதனையாக இருந்தது. தொகுப்பின் அட்டையில் போட்டிருப்பதும் பாசமலர் படம்தான் என்பதால், இதை வெளியிட்டவர்கள் கவனிக்காமல் விட்டார்கள் என்று ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

பழைய பிரதிதான் கிடைத்தது, என்ன செய்வது என்ற சமாதானம் இங்கே பொருந்தாது. சாவித்திரி துரியோதனனின் மனைவி பானுமதியாக நடித்த கர்ணன் படம் 2012-ஆம் ஆண்டு டிஜிட்டல் முறையில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது, மக்கள் கூட்டமாகப் போய்ப் பார்த்தார்கள். புதுப்பித்தல் என்பது பெருஞ்செலவுதான். ஆனால் படத்தை இழுக்காமலும் வெட்டாமலும் இருப்பதற்குச் செலவே கிடையாது.

களத்தூர் கண்ணம்மாவில் படம் சரியாக இருக்கிறது, ஒலிதான் குறை. ஒற்றைத் தடத்தில் பதிவான ஒலியைப் பல ஒலிபெருக்கிகளுக்குப் பிரித்து எதிரொலி சேர்த்திருப்பதால், தாழ்ந்த குரலில் பேசும் இடங்கள் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கின்றன. ஐந்தாறு வயதுக் கமல்ஹாசனின் முதல் படம் என்பதாலேயே அதிகம் பேசப்படும் இந்தப் படத்தில், தன் மகன் என்று அறியாமலேயே அந்தச் சிறுவனிடம் பாசம் வைக்கும் ஆசிரியையாகச் சாவித்திரி வருகிறார். அவருடைய வேலை முழுக்கத் தாழ்ந்த குரலில்தான் நடக்கிறது. கற்பகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கே. ஆர். விஜயாவின் அறிமுகப் படம் அது. இரண்டாம் மனைவியாகப் பின்பாதியில் நுழையும் சாவித்திரி, புதிய நடிகைக்குக் கிடைத்த இடத்தைப் பறித்துக்கொள்ளாமல் தன் பங்கைச் செய்துவிட்டுப் போகிறார்.

நவராத்திரி இந்தத் தொகுப்பின் இரண்டாவது நல்ல பிரதி. சிவாஜியின் 100-ஆவது படம், அவருக்கு ஒன்பது வேடங்கள் என்பதே எப்போதும் அதன் பெருமையாகச் சொல்லப்படுகிறது. ஒன்பது பேரையும் சந்திக்கும் நளினாவாக ஒரே வேடத்தில் படம் முழுக்க வருபவர் சாவித்திரி. எதிரே இருப்பவர் ஒவ்வொரு இரவும் புதிய முகம், புதிய குரல், புதிய நடையோடு வந்து நிற்க, இவர் ஒரே பெண்ணாக இருந்துகொண்டே ஒன்பது விதமாகப் பதில் சொல்ல வேண்டும். மனநோயாளியாக நடிக்கும் இடத்தில் ஒரு நடிப்புக்குள் இன்னொரு நடிப்பைச் செய்து காட்டுகிறார். தெருக்கூத்துப் பகுதியிலோ, கூத்துக்குப் பழக்கமில்லாத பெண்ணின் தயக்கம் மெல்லக் கரைந்து, அடியும் குரலும் கூத்தின் தாளத்துக்குள் வந்து சேர்வதைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது. ஏ. பி. நாகராஜன் அந்தப் பகுதியை அவசரப்படாமல் நீளமாக விட்டிருப்பது நம் நல்வினை. இந்தப் பிரதியில் அது ஒரு துண்டும் குறையாமல் இருக்கிறது. தொகுப்பை வாங்கியவர்கள் இந்தப் படத்தைச் சிவாஜிக்காக ஒருமுறையும் சாவித்திரிக்காக இன்னொருமுறையும் பார்க்கலாம்.

இனி அந்தச் சிறு நூல். தாள் நன்றாக இருக்கிறது, புகைப்படங்கள் அருமை, ஒவ்வொரு படத்தின் பாடல் பட்டியலும் பாடகர், கவிஞர் பெயர்களோடு இருக்கிறது. மிஸ்ஸியம்மாவில் மேரிக்காகப் பாடியவர் பி. லீலா, நூல் அந்தப் பாட்டுகளையும் சுசீலாவின் பெயரில் போட்டிருப்பது திருத்தப்பட வேண்டிய பிழை. குண்டூர் பக்கத்துச் சிர்ராவூரில் பிறந்ததும், சிறுவயதிலேயே நடனம் பயின்று மேடை நாடகங்களில் நடித்ததும், 1951-இல் பாதாள பைரவியில் ஒரு நடனத்துக்கு மட்டும் வந்துபோனதும், 1953-இல் தேவதாஸின் பார்வதியாகத் தெலுங்கிலும் தமிழிலும் நிலைபெற்றதும் சில பத்திகளில் முடிந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு நூலின் பாதிக்கும் மேல் திருமண முறிவு, கடன், மது, நோய், ஓர் ஆண்டுக்கும் மேலாக நினைவிழந்து கிடந்தது, 1981 டிசம்பர் 26 அன்று வந்த மரணம் என்றே போகிறது. இவை நடக்காதவை அல்ல. 2018-இல் வந்த நடிகையர் திலகம் படமும் இவற்றைச் சொன்னது; அதில் சாவித்திரியாக நடித்த கீர்த்தி சுரேஷுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால் அந்தப் படம், அவர் செட்டில் நின்று உழைத்ததையும் சேர்த்துத்தான் சொன்னது. இந்த நூலில் உழைப்பு இல்லை, வீழ்ச்சிதான் இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விடுபடல், அவர் இயக்குநராக இருந்ததைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது. பெண்கள் கேமராவுக்குப் பின்னால் நிற்பது அரிதாக இருந்த காலத்தில், 1968-இல் தெலுங்கில் சின்னாரி பாப்பலு படத்தை அவர் இயக்கினார். அதற்கு இசையமைத்தவர் அதே பி. லீலா. அடுத்த ஆண்டு அதைத் தமிழில் குழந்தை உள்ளமாக எடுத்தார். தெலுங்கில் தாம் நடித்திருந்த மூக மனசுலு படத்தைத் தமிழில் பிராப்தம் என்ற பெயரில், சிவாஜியை நாயகனாக்கி, தாமே தயாரித்து இயக்கி நடித்தார். 1971-இல் அது வெளிவந்தது. பணத்தை இழந்தார் என்று எழுதும் நூல், எதைச் செய்யப்போய் இழந்தார் என்பதையும் எழுத வேண்டாமா? 2011-இல் இந்திய அஞ்சல் துறை புகழ்பெற்ற நடிகைகளுக்காக வெளியிட்ட தபால்தலை வரிசையில் அவருக்கும் ஒன்று உண்டு. அதையும் நூலில் தேடினேன், கிடைக்கவில்லை.

வாங்கலாமா என்றால், மிஸ்ஸியம்மா, நவராத்திரி இரண்டுக்காகவும் வாங்கலாம். இவ்வளவு நல்ல பிரதிகளை நான் இதற்கு முன் வீட்டில் பார்த்ததில்லை. மாயா பஜாரும் கற்பகமும் டிவியின் விகிதத்தை மாற்றிய பிறகு குறையின்றிப் பார்க்கத் தக்கவை. பாசமலரை மட்டும் வேறு வெளியீட்டில் தேடிக்கொள்ளுங்கள். இதே தொகுப்பின் அடுத்த பதிப்பு வருமானால், வெட்டாத பாசமலரும், ஒற்றைத் தட ஒலியோடு கூடிய களத்தூர் கண்ணம்மாவும், ஏழாவது தட்டாகப் பிராப்தமும் அதில் இருக்க வேண்டும் என்று வெளியீட்டாளருக்கு எழுதியிருக்கிறேன்.