இணையத்தைப் படித்துக் கற்ற ‘நெல்’: ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், பேராசிரியர் டாம் மிட்செல் தலைமையிலான குழு 2010 ஜனவரியில் ஒரு நிரலை இயக்கி, இணையப் பக்கங்களை இரவு பகலாகப் படித்துத் தகவல்களைத் தானே கற்கும் பணியை அதனிடம் ஒப்படைத்தது. ‘Never-Ending Language Learner’ என்ற அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘நெல்’ (NELL) என்று வரும். கைப்பிடி விதையிலிருந்து பெருகிய அறிவுத் தொகுப்புக்கு இது பொருந்திய பெயர் என்றே தமிழ்க் காதுக்குத் தோன்றுகிறது. அத்தொகுப்பைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த இணையதளமே இம்மதிப்புரைக்கு உரியது.

விதையாக அமைந்தவை நகரம், நிறுவனம், விளையாட்டு வீரர் போன்ற 123 வகைகளும், ஒரு நிறுவனம் எந்த நகரில் உள்ளது என்பது போல இரண்டு பொருள்களை இணைக்கும் 55 உறவுகளும், ஒவ்வொன்றுக்கும் 10 முதல் 15 எடுத்துக்காட்டுகளும் ஆகும். தெரிந்த நகரங்களின் பெயர்கள் ‘இன்ன ஊரின் மேயர்’ என்ற தொடரில் அடிக்கடி வருவதைக் கவனிக்கும் நிரல், அதே தொடரில் வரும் புதிய பெயர்களையும் நகரங்களாகக் கருதி, அவற்றைக் கொண்டு மேலும் புதிய தொடர்களைத் தேடும். பட்டியல்களையும் அட்டவணைகளையும் படிக்க ஒரு பகுதி, சொல்லின் வடிவத்தை ஆராய ஒரு பகுதி, விதிகளை ஊகிக்க ஒரு பகுதி என வேறு பகுதிகளும் உண்டு. ஒரு பகுதி மிக உறுதியாகச் சொன்னாலோ, பல பகுதிகள் ஒத்துச் சொன்னாலோதான் ஒரு தகவல் ஏற்கப்படும்.

இத்தனை காவல் இருந்தும் பிழைகள் நுழைந்தன. முதல் 67 நாட்களில் 2,42,000-க்கும் மேற்பட்ட தகவல்கள் சேர்ந்தன. அவற்றில் ஏறத்தாழ 74 சதவீதம் சரியானவை. ஆனால் தொடக்கத்தில் சேர்ந்தவற்றில் 90 சதவீதமாக இருந்த துல்லியம், இடையில் 71 ஆகவும் இறுதியில் 57 ஆகவும் சரிந்ததைக் குழுவே வெளியிட்டது. எளிய தகவல்கள் முதலில் தீர்ந்துவிட்டன என்பது ஒரு காரணம். ஒருமுறை ஏற்ற தகவலை அந்தப் பதிப்பு திரும்பப் பெறாததால் ஒரு பிழை அடுத்த பிழைக்கு வித்திட்டது என்பது இன்னொன்று. இணைய உலாவி சேமித்து வைக்கும் சிறு தரவான ‘குக்கி’யை, அதே பெயருள்ள பிஸ்கட் என்று கொண்டு பேக்கரிப் பண்டமாக எண்ணிய நிரல், அதை அழித்தவர்கள் கோப்புகளையும் அழித்ததாக எழுதியிருந்ததைப் படித்து, கணினிக் கோப்புகளையும் அதே வகையில் சேர்த்துவிட்டது. சொல்லையும் அது குறிக்கும் பொருளையும் அப்போது பிரித்தறியாததே இதன் வேர் என்று நான் கருதுகிறேன். முதல் ஆறு மாதங்களுக்குப் பின் மனிதர்கள் அவ்வப்போது திருத்தத் தொடங்கியது சரியான முடிவு.

எனினும் இந்தச் சேவையை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஒவ்வொரு தகவலின் அருகிலும் அதன் நம்பகத்தன்மை எவ்வளவு, எப்போது கற்றது, எந்தப் பகுதி சொன்னது என்பன காட்டப்பட்டன; பார்வையாளர் அதைச் சரி அல்லது தவறு என்று குறிக்கவும் முடிந்தது. சரளமாக விடை சொல்லும் இன்றைய உரையாடல் நிரல்களிடம் ஒரு கூற்றின் மூலத்தை இப்படிப் பின்தொடர்ந்து செல்வது அரிது. தொகுப்பு முழுவதையும் தரவிறக்கவும் குழு வழி செய்திருந்ததால், கணினியியல் மாணவர் ஒருவர் தவறான தகவல் ஒன்றைக் கையிலெடுத்து, அது எந்தத் தொடரில் முளைத்தது என்பது வரை தாமே தேடிப் பார்க்க முடிந்தது.