கவசக்காரனா, ஓட்டக்காரனா?

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் எங்கள் செட்டில் இந்தச் சண்டை ஓய்ந்தபாடில்லை. டர்ன் வைத்து, அதாவது முறை மாற்றி மாற்றி ஆடும் எந்தக் கேமை எடுத்தாலும் ஒருத்தன் தலை முதல் கால் வரை இரும்பு மாட்டிய ஆளைத்தான் முதல் வேலையாக டீமில் சேர்ப்பான், பாரமில்லாமல் வேகமாக ஓடும் ஆளையே எடுக்கும் இன்னொருத்தன் "அவன் வந்து சேர்றதுக்குள்ள சண்டையே முடிஞ்சிரும் மச்சான்" என்று சிரிப்பான். ரெண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் எந்தக் கேமைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமலே வாதாடுவதால் விடிய விடிய இழுக்கிறது. என் கட்சி இதுதான்: அந்தக் கேம் கவசத்தைக் கொடுத்துவிட்டு பதிலுக்கு என்ன விலை வாங்குகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சில கேம்கள் காலில் வாங்கும், சில மூச்சில் வாங்கும், ஒன்று கிட்டத்தட்ட இலவசமாகவே கொடுத்துவிடுகிறது.

அந்த இலவசக்காரன் பால்டர்ஸ் கேட் 3. 2023இல் வந்த கேம், 150 ஜிபி இடம் கேட்கும். பனிமூட்டம் இறங்கினால் ஒற்றைக் கோட்டுக்கு வந்துவிடும் சிக்னலில் அதை டவுன்லோட் பண்ணுவது நடக்கிற காரியமா, எங்கள் ஆட்கள் டவுனில் ஃபைபர் லைன் உள்ள யாராவது ஒருவர் வீட்டுக்கு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு போய்த்தான் இறக்குகிறார்கள். சரி, விஷயத்துக்கு வருவோம். இதில் பிளேட் கவசத்தின் ஆர்மர் கிளாஸ் 18. எதிரி இருபது முகப் பகடையை உருட்டி, தன் போனஸைக் கூட்டி, அந்த எண்ணைத் தொட்டால்தான் அடி விழும். போனஸ் 6 உள்ள எதிரிக்கு, 14 வைத்திருக்கும் ஆளை அடிக்க 65 சதவீத வாய்ப்பு. 18 என்றால் 45. கேடயத்துக்கு 2, டிஃபென்ஸ் என்கிற சண்டைப் பாணிக்கு 1 என்று கூட்டி 21 ஆக்கிவிட்டால் 30தான். மேலே போகப் போக ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு கூடுவதைக் கவனியுங்கள்: 65ஐ 60 ஆக்கினால் வாங்கும் அடியில் பதின்மூன்றில் ஒரு பங்கு குறையும், 30ஐ 25 ஆக்கினால் ஆறில் ஒரு பங்கு குறையும். அதனால் கவசக்காரனை அரைகுறையாகக் கட்டுவதில் பயன் இல்லை, போட்டால் முழுசாகப் போட வேண்டும்.

இதற்கு வாங்கும் விலை என்ன என்று பார்த்தால், பதுங்கிப் போகும்போது பகடை நமக்கு எதிராகிறது, அவ்வளவுதான். மேசையில் ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் பலம் 15 இல்லாதவன் பிளேட் போட்டால் நடை குறையும், இந்தக் கேமில் அந்த நிபந்தனையும் இல்லை. கிரிம்ஃபோர்ஜ் உலையில் அடமன்டைன் ஸ்பிளின்ட் கவசத்தை வார்த்துக்கொண்டால் விழுகிற ஒவ்வொரு அடியிலும் 2 கழிகிறது, கிரிட்டிக்கல் அடி, அதாவது வழக்கத்தைவிடப் பலமாக இறங்கும் அடி, விழவே விழாது. ஓட்டக்காரன் கட்சிக்கு இங்கே மிஞ்சுவது ஒரே வாதம்: ஹோல்ட் பெர்சன், ஃபயர்பால் மாதிரி மந்திரங்களுக்குக் கவசம் ஒரு பொருட்டே இல்லை. அது உண்மைதான். எதிரியும் பல நேரம் இரும்பு ஆளை விட்டுவிட்டு, பின்னால் மெல்லிய துணியோடு நிற்கும் மந்திரக்காரியைத் தேடி ஓடுகிறான். அதனால் இவனை வெட்டவெளியில் விடாமல் வாசலை அடைத்தாற்போல் நிறுத்துங்கள். அப்படி நிறுத்தினால் இந்தக் கேமில் என் ஓட்டு கவசக்காரனுக்கே.

ஃபயர் எம்ப்ளம் கேம் தொடர் நேர் எதிர். பழைய கேம்பாய் அட்வான்ஸ் பாகங்களில் கவச நைட் ஒரு டர்னில் 4 கட்டம் நடப்பான், தரம் உயர்ந்து ஜெனரல் ஆனாலும் 5தான். குதிரைக்காரன் 7, பாலடின் ஆனால் 8. மேப் முழுக்க ஓடி கிராமங்களைக் காப்பாற்ற வேண்டிய கட்டத்தில் ஜெனரல் பின்னால் தூசு தின்றுகொண்டு வருவார், வந்து சேர்ந்ததும் ஒரு மந்திரக்காரன் ரெண்டு அடியில் ஆளைக் காலி பண்ணுவான், ஏனென்றால் மந்திரத் தடுப்பு அவருக்குக் குறைவு. ஹாமர், ஆர்மர்ஸ்லேயர் என்று கவசக்காரனை அடிப்பதற்கென்றே ஆயுதங்கள் வேறு. 2023இல் வந்த எங்கேஜ் பாகத்தில் மட்டும் நிலைமை கொஞ்சம் மாறியது. அதில் சாதகமான ஆயுதத்தால் அடி வாங்கியவன் ஆயுதத்தை நழுவவிட்டு திருப்பி அடிக்க முடியாமல் நிற்பான், கவச வகுப்பாருக்கு மட்டும் அது நடக்காது. லூயி என்கிற கவசக்காரனை அதில் பலருக்கும் பிடித்துப்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனாலும் மொத்தத் தொடரையும் வைத்துப் பார்த்தால் எனக்குக் குதிரைதான்.

இனி எனக்குப் பிடித்த வெஸ்னாத். 2003இல் தொடங்கிய இலவசக் கேம், சில நூறு எம்பிதான், பழைய லெப்டொப்பிலும் ஓடும். டேட்டா கார்டை எண்ணி எண்ணி ரீலோட் பண்ணுகிற நமக்கு இதைவிடப் பொருத்தமான கேம் கிடைக்காது. இதில் ஹெவி இன்ஃபன்ட்ரிமேன் என்று ஒருத்தன் வருவான், விலை 19 பொன். ஈட்டிக்காரனை 14க்கே எடுக்கலாம். இவன் வெட்டு அடியில் பாதியைத் தடுத்துவிடுவான், ஆனால் நடை 4தான். குன்றுக் கட்டம் ஒன்றில் ஏற அந்த 4இல் 3 போய்விடும், மலைக் கட்டத்தில் ஏறவே முடியாது. நம் ஊரில் பிறந்திருந்தால் ஸ்கூலுக்கே போயிருக்க மாட்டான்.

இவனை எல்லாருக்கும் எதிராக இறக்கினால் காசு வீண். வில்லும் குதிரையுமாக வருகிறவர்கள் இவனைச் சுற்றிக்கொண்டு போய்விடுவார்கள், இவன் திரும்பி வருவதற்குள் நம் தலைவன் கழுத்தில் கத்தி. ஆனால் எதிரி அன்டெட் கூட்டம், அதாவது செத்தும் நடமாடுகிறவர்கள், முன்வரிசையில் எலும்புக்கூடுகள் என்றால் கதை வேறு. எலும்புக்கூட்டின் கோடாலி ஒரு தடவை இறங்கினால் 7 சேதம், மூன்று தடவை இறங்கும். இவன் மேல் அந்த 7 பாதியாகி 4 ஆகிறது. இவன் கையில் இருப்பது தண்டாயுதம், எலும்புக்கூட்டுக்கு நசுக்கும் அடி என்றால் 20 சதவீதம் கூடுதலாகவே வலிக்கும். ஈட்டியாலோ அம்பாலோ குத்தினால் 60 சதவீதத்தைத் தடுத்துக்கொண்டு நிற்கிற அதே எலும்புக்கூடு இவனிடம் பொடிப்பொடியாகும். பயப்பட வேண்டியது அந்தக் கூட்டத்து மந்திரக்காரனான டார்க் அடெப்ட்டுக்கு. அவனுடைய குளிர் மந்திரம் எங்கே நின்றாலும் 70 சதவீதம் பிடிக்கும், இவனுக்குக் குளிர் 10 சதவீதம் கூடுதலாகத் தாக்கும். ஆனால் அடெப்ட்டுக்குக் கைச்சண்டை ஆயுதமே கிடையாது, பக்கத்தில் போய்விட்டால் அவன் திருப்பி அடிக்க மாட்டான். அதனால் பகலில், அதாவது இவன் அடி 25 சதவீதம் கூடுகிற நேரத்தில், அடெப்ட்டை முந்திக்கொண்டு நெருங்க வேண்டும். இரவில் அதே 25 குறைந்துவிடும், அப்போது கோட்டைக் கட்டத்திலோ கிராமத்திலோ நிறுத்தி வைப்பதே புத்தி. எதிரி நம்மைத் தேடி வருகிற மேப்பில் இவன் ஒருத்தன் ரெண்டு பேருக்குச் சமம், நாம் எதிரியைத் தேடிப் போகிற மேப்பில் அரை ஆள்.

எக்ஸ்காம் 2 பற்றி ரொம்பச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு கவசப் புள்ளி ஒரு சேதத்தைக் கழிக்கும், ஆனால் சுவர் மறைவில் நின்றால் குண்டு படாமலே போக வாய்ப்பு நிறைய இருக்கும்போது பட்ட பிறகு ஒன்று குறைவதில் என்ன பெரிய லாபம்? பல மிஷன்களில் டர்ன் எண்ணிக்கை வேறு துரத்துகிறது, அதில் கொக்கி வீசிக் கூரைக்குத் தாவும் ஸ்பைடர் சூட்டுக்காரனுக்குத்தான் வேலை. வார் சூட் என்கிற கனமான கவசத்தை ஒருத்தனுக்குப் போடுவேன், அதுவும் கனரக ஆயுதத்துக்காகவும், அவனையே மற்றவர்களுக்கு மறைவுச் சுவராக நிறுத்தலாம் என்பதற்காகவும்தான்.

கடைசியாக பேட்டில் பிரதர்ஸ், கூலிப்படைக் கம்பெனி ஒன்றை நடத்தும் கேம், 2017இல் முழுசாக வெளியானது. இதில் விலை மூச்சு. கவசத்தின் கனம் ஃபடீக் அளவை, அதாவது ஆள் தாங்கக்கூடிய களைப்பின் அளவைக் கடிக்கும், ஒவ்வொரு அடிக்கும் ஒவ்வொரு அடியெடுத்து வைப்பதற்கும் ஃபடீக் ஏறும், டர்னுக்கு 15தான் திரும்பி இறங்கும். மழையில் நனைந்த படங்கோடு மலை ஏறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாலைந்து டர்ன் கழிந்ததும் இரும்பு ஆள் கோடாலியைத் தூக்க முடியாமல் நிற்பான், யார் முதலில் ஆடுவது என்பதைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவும் போய்விடும்.

இந்தக் கேமில் ரெண்டு கட்சிக்கும் ஆளுக்கொரு பெர்க், அதாவது தனித்திறன், இருக்கிறது. கவசக்காரனுக்கு பேட்டில் ஃபோர்ஜ்ட்: தலைக்கும் உடம்புக்கும் சேர்த்து இப்போது மிச்சமிருக்கும் கவச அளவில் 5 சதவீதம் எவ்வளவோ, அவ்வளவு சதவீதம் கவசச் சேதம் குறையும். 300ம் 300ம் சேர்த்து 600 என்றால் 30 சதவீதம். ஆனால் "இப்போது மிச்சமிருக்கும்" என்பதைப் பாருங்கள், கவசம் தேயத் தேய இந்தச் சலுகையும் தேய்ந்துகொண்டே வரும். முதல் நாலு அடிக்கு மலை மாதிரி நின்றவன் அடுத்த நாலு அடியில் சட்டென்று சரிவது இதனால்தான். ஓட்டக்காரனுக்கு நிம்பிள்: கவசத்தின் ஃபடீக் கனம் 15ஐத் தாண்டாமல் இருந்தால் ஹிட்பாயின்ட்டில், அதாவது உயிர் அளவில் விழும் சேதம் 60 சதவீதம் வரை குறையும், தாண்டினால் மளமளவென்று இறங்கிவிடும்.

காசுக் கணக்கும் பார்க்க வேண்டும். நல்ல கவசம் ஆயிரக்கணக்கான கிரவுன், சண்டைக்குப் பிறகு ரிப்பேருக்கு டூல்ஸ் வேறு தின்னும். நிம்பிள்காரனுக்கு மலிவான உடுப்பே போதும், ஆனால் அவனுக்குப் பிறவியிலேயே ஹிட்பாயின்ட் நிறைய இருக்க வேண்டும், இல்லாவிட்டால் 60 சதவீதம் கழித்தும் பிழைக்க மாட்டான். கம்பெனி ஆரம்பித்த புதிதில் எல்லாரையும் இரும்பில் போடப் பார்ப்பவர்கள் சம்பளம் கொடுக்கவே காசில்லாமல் முழிப்பதைத்தான் பார்க்கிறேன். களத்தில் 12 பேர் நிற்கும் கட்டத்துக்கு வந்த பிறகும் மூன்று, நாலு பேருக்கு மேல் ஃபோர்ஜ்ட் எனக்குத் தேவைப்படவில்லை. முன்வரிசை நடுவில் அவர்கள், ஓரங்களில் நிம்பிள். அந்த மூன்று நாலு பேருக்கும் பிரானி பெர்க் கட்டாயம், அது கவசக் கனத்தில் 30 சதவீதத்தைக் கழித்துவிடும்.

அந்த நாலு கவசத்துக்கும் கடையில் காசைக் கொட்ட வேண்டாம். நல்ல இரும்போடு வரும் எதிரியைக் கடைசி ஆளாக மிஞ்ச விடுங்கள், மூன்று பேர் சூழ்ந்து நின்று டாகரை, அதாவது குத்துவாளை எடுத்து பங்ச்சர் பண்ணுங்கள். அது கவசத்தைத் தொடாமல் நேரே உடம்பில் இறங்கும், குறி கொஞ்சம் தவறும், பொறுமை வேண்டும், ஆனால் ஆள் விழுந்ததும் கவசம் புதுசாகக் கைக்கு வரும். சுத்தியல் வைத்திருப்பவனை மட்டும் அந்த நேரத்தில் கிட்டே விடாதீர்கள், ஒரே போடில் சாமானைக் கெடுத்துவிடுவான்.