லோபெட்டில் பிரேக் குறை: டைட் வைப்பதா, உதிரி மாற்றுவதா, ரீகாலுக்கு விடுவதா?

பொக்லைன் ஏற்றிய லோபெட் (தாழ்ந்த தளமுள்ள டிரெய்லர்) ஆரியங்காவு தாண்டித் தென்மலைக்கு இறங்கும்போதோ, திரும்பும் வழியில் புளியரை எஸ் வளைவிலோ பிரேக் பிடிமானம் குறைந்தால், செங்கோட்டைப் பக்கம் முதலில் செய்வது பட்டறையில் டைட் வைப்பதுதான், அதாவது பிரேக் அட்ஜஸ்டரை இறுக்குவதுதான். சில வண்டிகளுக்கு அது சரியான வேலை. சிலவற்றுக்கு உயிராபத்து.

முதலில் அளந்து பாருங்கள். சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். சேம்பர் (காற்றழுத்தத்தில் பிரேக்கை இயக்கும் உருளை) வாயருகே, அதிலிருந்து வெளியே தள்ளும் புஷ் ராடில் சாக்பீஸ் கோடு போடுங்கள். டேங்கில் காற்று 90 முதல் 100 பி.எஸ்.ஐ., அதாவது ஏறத்தாழ 6.3 முதல் 7 கிலோ இருக்கும்போது எஞ்சினை அணைத்து, ஒருவர் பெடலை முழுதாக மிதிக்க, இன்னொருவர் கோடு எவ்வளவு வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். சாதாரண டைப் 30 அளவு சேம்பருக்கு எல்லை 2 அங்குலம். சமதரையில் எல்லையைத் தொட்டு நிற்கும் பிரேக், மலை இறக்கத்தில் டிரம் சூடேறி விரிந்ததும் எல்லையைத் தாண்டிவிடும்.

புஷ் ராடையும் பிரேக்கையும் இணைத்து, தேய்மான இடைவெளியைச் சரிசெய்யும் கைதான் ஸ்லாக் அட்ஜஸ்டர். அது கையால் இறுக்கும் மேனுவல் வகை என்றால் டைட் வைப்பதே போதும். லைனர் (பிரேக் உராய்வுப் பட்டை) டிரம்மைத் தொடும்வரை போல்ட்டைத் திருகி, கால் முதல் அரைச் சுற்று பின்வாங்க வேண்டும். லைனர் தேய்வது இயல்பு. அதைக் குறை என்று சொல்ல முடியாது.

ஆட்டோ ஸ்லாக் அட்ஜஸ்டரில் அளவு கூடினால் கதையே வேறு. தானே இறுக்கிக்கொள்ள வேண்டியது இறுக்கவில்லை என்றால் உள்ளே எங்கோ பழுது: லைனரை விரிக்கும் எஸ்-கேம் தண்டின் புஷ் தேய்ந்திருக்கும், புஷ் ராடை அட்ஜஸ்டரோடு இணைக்கும் கிளெவிஸ் பின் ஆடும், இல்லையென்றால் அட்ஜஸ்டரே கெட்டிருக்கும். கையால் இறுக்கினால் அன்றைக்கு அளவு சரியாகத் தெரியும்; பழுது அப்படியே இருப்பதால் சில நாளில் பழைய நிலைக்கே வரும். 2003இல் அமெரிக்காவின் கிளென் ராக்கில் பிரேக் பிடிக்காமல் ஓடிய டிப்பர் விபத்தின் விசாரணையில் வெளிவந்ததும் ஆட்டோ அட்ஜஸ்டரைக் கையால் இறுக்கும் இந்தத் தவறுதான்.

பழைய வண்டிக்குத் தேய்ந்த உதிரியை மாற்றுவதே நல்லது. ஒரு அச்சில் இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும்.

புது டிரெய்லரில் லைனர் கனமாக இருக்கும்போதே இரு பக்கமும் ஒரே மாதிரி பழுது, அல்லது சேம்பர் பிராக்கெட் வெல்டிங்கில் விரிசல் என்றால் தயாரிப்புக் குறையைச் சந்தேகிக்க வேண்டும். அங்கே ரீகால்தான், அதாவது தயாரிப்பாளர் வண்டிகளைத் திரும்பப் பெறுவதுதான் சரியான வழி. மோட்டார் வாகனச் சட்டம் 110ஏ பிரிவின்படி தயாரிப்பாளர் சரிசெய்து தரவோ, மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ வேண்டும். குறை உதிரிப் பாகத்தில் என்றால், அந்தப் பாகம் பொருத்திய எல்லா வண்டிகளையும், எந்த வகை, எந்த மாடலாக இருந்தாலும், திரும்பப் பெறும்படி மத்திய அரசு உத்தரவிடலாம். பாடியை ஒருவரும் ஆக்ஸிலை இன்னொருவரும் செய்யும் நம் டிரெய்லர்களுக்கு இது பெரிய பிடி. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரீகால் விதிகள் ஏழு ஆண்டுக்குள்ளான வண்டிகளுக்கே பொருந்தும். அமெரிக்காவில் 15 ஆண்டுவரை ரீகால் வேலை இலவசம்.

ரீகாலின் குறை தாமதம். அதுவரை அந்த லோபெட்டைச் சுமையோடு மலை இறக்கக் கூடாது. சேஸிஸ் எண், ஆக்ஸில் தகட்டு எண், அளந்த படம், பில் எல்லாம் கையில் இருக்கட்டும். கழற்றிய பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். ஸ்பிரிங் பிரேக் (பார்க்கிங் பிரேக்) சேம்பரின் கிளாம்ப்பை மட்டும் எந்தப் பட்டறையிலும் திறக்க விடக்கூடாது. உள்ளே அழுத்தி வைத்திருக்கும் ஸ்பிரிங் ஆளைக் கொன்றுவிடும்.