புது மோடம் வாங்குமுன் லைனைப் பாருங்கள்: நான் பணம் இழந்த விதம்

டெலிபோன் காப்பர் லைனில் இணையம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆறு வாரம் அலைந்து, தேவையே இல்லாத ஒரு மோடத்துக்கும் ஒரு பெரிய பிளானுக்கும் பணம் கட்டியிருக்கிறேன். இன்னொருவர் கட்ட வேண்டாம்.

என் பிளான் 16 எம்பிபிஎஸ். ஒரு மழைக்குப் பிறகு வேகம் 3-க்கு இறங்கியது. போன் மணி அடித்தாலே நெட் அறுந்துவிடும். ரிசீவரை எடுத்தால் கரகரவென்று சத்தம். மணி அடிக்கும்போது அறுந்தால் பெரும்பாலும் ஸ்பிளிட்டரிலோ (போனையும் நெட்டையும் பிரிக்கும் சின்னப் பெட்டி) கம்பி இணைப்பிலோதான் கோளாறு இருக்கும். இணைய நிறுவனத்தின் உதவி எண்ணை அழைத்த முதல் முறையே இதைச் சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்" என்றார்.

அடுத்தடுத்து ஒன்பது முறை அழைத்தேன். ஒவ்வொரு முறையும் புது ஆள், முதலிலிருந்து அதே கேள்விகள், அதே ஆஃப், அதே ஆன். இதில் ஒரு கெடுதல் இருப்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அடிக்கடி அறுந்து சேரும் லைனை நிலையற்றது என்று எடுத்துக்கொண்டு வேகத்தைத் தானாகவே குறைத்துவிடும் ஏற்பாடு பல நிறுவனங்களிடம் உண்டு. அவர்கள் சொன்னபடி நான் ஒரே நாளில் பத்துத் தடவை ஆஃப் பண்ணியதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கலாம்.

நான்காவது அழைப்பில் பின்பக்க ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் பண்ணச் சொன்னார்கள். பண்ணினேன். லாகின் பெயர், கடவுச்சொல், விபிஐ விசிஐ எண்கள் (லைனில் சேர மோடத்துக்குக் கொடுக்க வேண்டிய அமைப்பு எண்கள்) எல்லாம் அழிந்து, இருந்த 3 எம்பிபிஎஸ்ஸும் போனது. அழியும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவற்றைத் திரும்ப வாங்க இரண்டு நாள் ஆனது. தயவுசெய்து அந்த விவரங்களை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு வந்ததுதான் உண்மையான ஏமாற்று. "உங்க மோடம் பழசு, எங்க மோடம் போட்டா சரியாகிடும்" என்றார்கள். வாங்கினேன், மாறவில்லை. "24 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்க, ஸ்பீடு ஏறும்" என்றார்கள். மாறினேன், மாறவில்லை. மோடம் தயாரித்த கம்பெனியைக் கேட்டால் லைன் கோளாறு என்றது. லைன் கொடுத்தவர்கள் மோடம் கோளாறு என்றார்கள். நடுவில் என் புகார் இரண்டு முறை "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டது.

அப்போதுதான் நானே மோடத்தின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பிரவுசரில் 192.168.1.1 அடித்தால் வரும். சில மோடங்களில் 192.168.0.1. அங்கே டிஎஸ்எல் ஸ்டேட்டஸ் பகுதியில் லைன் எந்த வேகத்தில் சேர்ந்திருக்கிறது என்று இருக்கும். என்னுடையது 3.2. எஸ்என்ஆர் மார்ஜின் (இரைச்சலைத் தாங்க சிக்னலுக்கு இருக்கும் உபரி பலம்) 2-க்கும் 5 டெசிபலுக்கும் நடுவே ஆடிக்கொண்டிருந்தது. பொதுவாக 6-க்குக் கீழே போனால் லைன் தள்ளாடக்கூடும். சிஆர்சி பிழைகள், அதாவது வழியில் கெட்டுப்போய் வந்து சேரும் தகவல்களின் எண்ணிக்கை, பார்க்கப் பார்க்க ஏறின. லைனே 3.2-க்குத்தான் சேருகிறது என்றால் 24 எம்பிபிஎஸ் பிளான் எப்படி உதவும்? அந்த எண் அவர்கள் திரையிலும் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே விற்றார்களா, பார்க்காமலே விற்றார்களா, எதுவானாலும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் கம்ப்யூட்டரை இணைத்துப் பார்த்தேன், அதே வேகம். எக்ஸ்டென்ஷன் வயர், போன், ஸ்பிளிட்டர் எல்லாவற்றையும் கழற்றி, லைன் வீட்டுக்குள் நுழையும் முதல் பெட்டியிலேயே பழைய மோடத்தை மாட்டினேன். அப்போதும் 3.2. அதாவது கோளாறு வீட்டுக்கு வெளியே. இந்த ஒரு சோதனையை அவர்கள் ஒன்பது அழைப்பிலும் சொல்லவில்லை.

எண்களைப் போட்டோ எடுத்து, தேதி நேரத்தோடு எழுத்தில் அனுப்பி, "லைன்மேன் வராமல் புகாரை மூடக்கூடாது" என்று கேட்டேன். நான்காம் நாள் ஒருவர் வந்தார். வெளிப்பெட்டியில் தண்ணீர் இறங்கி, கம்பி முறுக்கு பச்சை பூத்திருந்தது. வெட்டி, புதிதாக முறுக்கி மூடினார். இருபது நிமிட வேலை. பழைய மோடத்திலேயே 15.1-க்குச் சேர்ந்தது, மார்ஜின் 9. நல்ல மனிதர், "இதுக்கா மோடம் வாங்கச் சொன்னாங்க?" என்று அவரே வருத்தப்பட்டார்.

அலைச்சலின் நடுவே இணையத்தில் தேடிக் கிடைத்த ஒரு "உதவி எண்ணை" அழைத்து, கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்க அனுமதி கேட்டவரிடம் கிட்டத்தட்ட மாட்டிக்கொண்டேன். பில்லிலோ மோடத்தின் அடியிலோ அச்சிட்டிருக்கும் எண்ணை மட்டும் அழையுங்கள்.

அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டேன் என்று சொல்லி புது மோடத்தைத் திரும்ப எடுக்க மறுத்துவிட்டார்கள். பிளான் வித்தியாசத்தொகை கேட்டு மூன்றாவது கடிதம் அனுப்பியிருக்கிறேன். இதுவரை வந்திருப்பது ஒரு புகார் எண் மட்டும்.