மஞ்சக்குப்பம் கம்பன் வகுப்பு: இராவணனுக்காகவே போகலாம்

கடலூரில் வேலைக்குப் போகிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள் என்று யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய கம்பராமாயண வகுப்பு ஒன்று மஞ்சக்குப்பத்தில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் நடக்கிறது. ஞாயிறு மாலை, மாதம் 300 ரூபாய். போகலாமா என்று கேட்டால், தாராளமாகப் போகலாம், ஆனால் ரோட்டுப் பக்கம் மட்டும் உட்காராதீர்கள், மைக் கிடையாது, பஸ் ஹாரனில் பாதிப் பாட்டு போய்விடும். கொடுக்கிற ஜெராக்ஸ் தாளும் ஒரே மங்கல், அதிலும் சந்தி பிரிக்காத பழைய பதிப்பு, புதிதாக வருகிறவர் மிரண்டுதான் போவார். ஐந்தரை என்றால் ஆறு மணிக்குத்தான் ஆரம்பம்.

இத்தனைக்கும் மேல் நான் விடாமல் போவதற்குக் காரணம், பாடம் எடுக்கும் தமிழாசிரியர் இந்த முறை கையில் எடுத்திருக்கும் கேள்வி. காப்பியத்தில் நாயகன் யார், வில்லன் யார் என்பதை எதை வைத்துச் சொல்கிறோம்?

வீரம், கொடை, நட்பு என்று நாங்கள் சொன்னதையெல்லாம் ஐயா ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டார். வீரமா? யானைகளோடு மோதிய மார்பு, மலையைத் தூக்கிய தோள், சிவன் கொடுத்த வாள் என்று கம்பன் இராவணனை அடுக்குவதே அவன் தோற்று வெறுங்கையோடு இலங்கைக்குத் திரும்புகிற இடத்தில்தான். நட்பா? மனைவியின் மேகலை மணி சிதறிக் கிடக்க, கர்ணனைப் பார்த்து 'எடுக்கவோ? கோக்கவோ?' என்று கேட்ட துரியோதனனை விடவா? அதைத் தமிழ்ப் பாரதத்தில் எழுதிய வில்லிபுத்தூரார் நம்ம பக்கத்துப் பழைய திருமுனைப்பாடி நாட்டுக்காரர். நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் துரியோதனன் சாவதை நடித்துக் காட்டும் படுகளத்தன்று மண்ணால் அத்தனை பெரிய துரியோதனனைச் செய்து கிடத்துகிறார்களே, பாண்டவர்களில் யாருக்காவது அந்த அளவில் உருவம் செய்து பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் வந்தது அவருடைய பதில். 'நீ செய்வது தப்பு' என்று சொன்னவனை அவன் என்ன செய்தான் என்று பாருங்கள், அது போதும் என்றார். இராவணனுக்குச் சொல்ல ஆளே இல்லையா? மாரீசன் சொன்னான், கொன்றுவிடுவேன் என்று மிரட்டி மானாக அனுப்பினான். வீடணன் சொன்னான், விரட்டினான். கடைசியில் பெற்ற மகன் இந்திரசித்தே 'சீதை மேல் உள்ள ஆசையை விட்டுவிடு' என்றான், அதுவும் எடுபடவில்லை. நடுவில் கும்பகருணன் சபையிலேயே அண்ணனைக் குத்திக் காட்டுகிறானே, 'பேசுவது மானம், இடை பேணுவது காமம், கூசுவது மானுடரை, நன்று நம் கொற்றம்!' அந்த 'நன்று'வை ஐயா இழுத்துச் சொன்ன விதத்துக்கே 300 ரூபாய் கொடுக்கலாம். கல்யாண வீட்டில் மூத்தவரைத் தம்பி நக்கல் செய்கிற அதே தொனி.

இராமன் பக்கம் வீடணன் வந்து நிற்கும்போது சுக்கிரீவன் உட்படப் பலர் சேர்க்கக் கூடாது என்கிறார்கள், அனுமன் ஒருவன் சேர்க்கலாம் என்கிறான். இராமன் எல்லாரையும் பேசவிட்டுக் கேட்டுவிட்டுத்தான் முடிவு சொல்கிறான். பிறகு 'நின்னொடும் எழுவரானோம்' என்று அவனையும் தம்பியாக்கிக்கொள்கிறான். அண்ணன் துரத்தியவன் இங்கே ஏழாவது உடன்பிறப்பு. சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் இந்தக் கணக்கில்தான் தப்பிக்கிறான். கோவலனைக் கொன்றது அவன் தீர்ப்பு, ஆனால் கண்ணகி சிலம்பை உடைத்துக் காட்டியதும் 'யானே கள்வன்' என்று அங்கேயே விழுந்து உயிரை விடுகிறான். அவனை வில்லன் என்று யாரும் சொல்வதில்லை, அந்தப் பட்டம் பொற்கொல்லனுக்குப் போய்விட்டது.

எனக்குக் குறை வாலி வகுப்பில்தான். காலேஜ் பையன் ஒருவன் எழுந்து, 'ஒளிஞ்சு நின்னு அம்பு விட்டவரு எப்படிங்க ஐயா நாயகன்?' என்று கேட்டான். நல்ல கேள்வி. ஐயா அவதாரம், தேவகாரியம் என்று ஏதோ சொல்லி மணியைப் பார்த்து முடித்துவிட்டார். கம்பனே அந்த இடத்தில் இவ்வளவு சுலபமாக விடவில்லை. மார்பில் அம்போடு கிடக்கிற வாலி கேள்வி மேல் கேள்வி கேட்கிறான், மறைந்து நின்று எய்தது ஏன் என்பதற்குக் கடைசியில் பதில் சொல்வது இராமன் இல்லை, இலக்குவன். ஐயாவின் அளவுகோலையே அங்கே வைத்துப் பார்த்தால், இராமன் அத்தனை வசையையும் நின்று கேட்டான் என்று அவனுக்குக் கொஞ்சம் மார்க் போடலாம், பதிலைத் தம்பியிடம் விட்டதற்குக் கொஞ்சம் குறைக்கலாம். வாலியுமே, இராமன் துணைக்கு வந்திருக்கிறான் என்று தாரை தடுத்தபோது கேட்காமல் போனவன்தானே? ஒரு முழு வகுப்புக்கு ஆகும் விஷயம், பத்து நிமிஷத்தில் போய்விட்டது. கும்பகருணனுக்கு மட்டும் இரண்டு வாரம் கொடுத்தார், அதில் எனக்கு வருத்தமில்லை.

டிஎன்பிஎஸ்சி தமிழுக்குக் குறிப்பு கிடைக்கும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இது சரிப்படாது, ஐயா தேர்வுக் கேள்விப் பக்கமே போக மாட்டார். மற்றவர்கள் சந்தி பிரித்த பதிப்பு ஒன்றைச் சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள். ஃபேன் இரண்டுதான், ஐந்தே முக்காலுக்குள் போனால் ஃபேனுக்குக் கீழே இடம் கிடைக்கும்.