ஃப்ளாப்பி டிரைவ் கிளீனிங் டிஸ்க்: வாங்கலாம், ஆனால் முதலில் டிரைவைத் திறந்து பாருங்கள்

3.5 அங்குல ஃப்ளாப்பி உறை. உள்ளே காந்தத் தகட்டுக்குப் பதில் மெல்லிய வெள்ளைத் துணி வட்டு. கூடவே ஒரு குட்டிக் குப்பியில் திரவம். ஈர வகை கிளீனிங் டிஸ்க் என்பது இவ்வளவுதான். பழைய கம்ப்யூட்டரை ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இது வாங்க வேண்டிய சாமான். ஆனால் பல வருஷம் மூடிக் கிடந்த டிரைவுக்குள் முதலில் போக வேண்டியது இது இல்லை.

டிஸ்க்கைத் தொட்டுப் படிக்கும் ஹெட்டில் படிவது பெரும்பாலும் டிஸ்க்கின் காந்தப் பூச்சிலிருந்து உதிர்ந்த ஆக்சைடும் அதைப் பிடித்துவைத்திருந்த பசையும்தான். ஆல்கஹால் அதை இளக்கும், துணி வழித்தெடுக்கும். பழைய ஸ்டாக்கில் வரும் குப்பி அநேகமாக வறண்டிருக்கும். அதற்குப் பதில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். 70 சதவீதம் வேண்டாம், மிச்சம் தண்ணீர். அசிட்டோன் பக்கமே போகாதீர்கள், பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பக்கத்துக்கு மூன்று நான்கு சொட்டு விட்டால் துணி நனையும். உறையிலிருந்து வழிந்தால் அது அதிகம். 15 முதல் 20 விநாடி சுற்றினால் போதும். எடுத்த பிறகு ஐந்து நிமிடம் காயவிட்டுத்தான் வேறு டிஸ்க் போட வேண்டும்.

பெட்டிக்குள் வரும் குறிப்பில் பழைய டாஸ் இயங்குதளத்தில், ஃபைல் பட்டியல் காட்டும் டிர் கமாண்ட் அடித்தால் போதும் என்று இருக்கும். இங்கேதான் பாதி வேலை வீணாகிறது. துணியில் படிக்க ஒன்றும் இல்லாததால் டிரைவ் வெளிவிளிம்பில், டிராக் 0 என்ற முதல் வளையத்தின் பக்கமே திரும்பத் திரும்ப முயன்றுவிட்டு நின்றுவிடும். அடுத்தடுத்த முறையும் அதே அழுக்கு வளையத்தில்தான் ஹெட் தேயும். ஹெட்டை உள்ளும் வெளியும் நகர்த்தும் புரோகிராம் வேண்டும். இமேஜ்டிஸ்க் என்ற புரோகிராமில் ஹெட் சுத்தம் செய்யவே தனி மெனு உண்டு. கிரீஸ்வீசில் (ஃப்ளாப்பி டிரைவை யுஎஸ்பி வழியே இணைக்கும் போர்டு) வைத்திருந்தால் அதன் கிளீன் கமாண்ட் ஹெட்டை முன்னும் பின்னுமாக ஓட்டும். துணி முழுவதும் பயன்படும்.

பிரச்சினை ஹெட்டில்தானா என்பதை முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் 34 பின் கேபிள் தலைகீழாக மாட்டியிருக்கிறது. டிஸ்க்கை மாற்றியும் பழைய ஃபைல் பட்டியலே வந்தால் 34ஆம் பின் வழியாக வரும் டிஸ்க் மாறிய சிக்னல் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் கிளீனிங் டிஸ்க் ஒன்றும் செய்யாது. உள் டிராக்குகளில் மட்டும் பிழை வந்தால் ஹெட் அழுக்கை நம்பிச் சந்தேகிக்கலாம்; அங்கே சுற்றளவு குறைவு, பிட்டுகள் நெருக்கம், சிக்னல் லேசாக மங்கினாலே படிக்காது. ஒரே பக்கத்தில் பிழை குவிந்தாலும் அப்படியே: பக்கம் 0 கீழ் ஹெட், பக்கம் 1 மேல் ஹெட். 1.44 எம்பி டாஸ் டிஸ்க்கில் ரூட் டைரக்டரி, அதாவது முதன்மை ஃபைல் பட்டியல், முழுக்க முதல் டிராக்கின் பக்கம் 1-இல் இருக்கிறது. ஆகவே மேல் ஹெட் ஒன்று அழுக்கானாலே டிர் கூட வராது. டிரைவே செத்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

நெடுநாள் கிடந்த டிரைவின் மேல் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் தூசித் திரள் தெரியும். துணி வட்டை அப்படியே போட்டால் அந்தத் தூசி நனைந்து ஹெட்டுக்கு நடுவில்தான் போய்ச் சேரும். முதலில் மென்பிரஷ்ஷால் தட்டி வெளியே எடுங்கள். கீழ் ஹெட்டை ஆல்கஹாலில் நனைத்த ஃபோம் குச்சியால் மெதுவாகத் துடைக்கலாம். காட்டன் பட்ஸ் என்றால் நூல் பிரியாததாகப் பாருங்கள். மேல் ஹெட் தாள் போன்ற மெல்லிய ஸ்பிரிங்கில் தொங்குகிறது. அதன் கையைப் பிடித்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தூக்கக் கூடாது. ஒரு நூல் சிக்கி இழுபட்டாலே ஹெட் கோணிவிடும், பிறகு அந்த டிரைவ் உதிரிப் பாகத்துக்குத்தான். குச்சியில் பழுப்புக் கோடு வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடையுங்கள். ஹெட் நகரும் கம்பியிலும் அதை நகர்த்தும் திருகான லீட் ஸ்க்ரூவிலும் கெட்டிப்பட்ட கிரீஸைத் துடைத்தெடுத்து, கம்பிக்கு ஒரே ஒரு சொட்டு மெஷின் ஆயில், திருகுக்கு லேசாக லித்தியம் கிரீஸ். துரு நீக்கும் ஸ்பிரே அடிக்கவே வேண்டாம். ஹெட் வரை பரவும், காய்ந்ததும் பிசுபிசுக்கும். டிராக் 0 சென்சார் ஒளியால் வேலை செய்யும் வகையானால் அதன் இடுக்கையும் ஊதிவிடுங்கள்.

இதெல்லாம் முடிந்த டிரைவுக்கு, அவ்வப்போது கிளீனிங் டிஸ்க் அருமையான துணை. ஒற்றைப் பக்க டிரைவுகளுக்கு மட்டும் எச்சரிக்கை: காமடோர் கம்ப்யூட்டரின் 1541 டிரைவ் போன்றவற்றில் மேல் ஹெட் கிடையாது, அந்த இடத்தில் ஃபெல்ட் பட்டை அழுத்திக்கொண்டிருக்கும். இரு பக்கமும் நனைத்த துணி அந்தப் பட்டையை ஊறவைத்துவிடும். 5.25 அங்குல டிஸ்க் வாங்கினால் உறையின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்துகொள்ளும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வாங்கும்போது உறையின் ஷட்டரை, அதாவது நகரும் மூடியை, விரலால் தள்ளிப் பாருங்கள். வளைந்த ஷட்டர் டிரைவுக்குள் மாட்டிக்கொண்டால் இழுத்தெடுக்கும்போது மேல் ஹெட்டையும் சேர்த்துப் பிய்க்கும். துணி நடு வளையத்தை விட்டுப் பிரிந்திருந்தாலோ ஓரத்தில் இழை தொங்கினாலோ வேண்டாம். சொரசொரப்பான உலர் வகையையும் தவிர்த்துவிடுங்கள், அது ஹெட்டைத் தேய்க்கிறது.

சுத்தம் செய்த டிரைவில் முதலில் போட வேண்டியது இழந்தாலும் பரவாயில்லாத ஒரு டிஸ்க். எழுத முடியாதபடி மூலைத் துளையைத் திறந்து வைத்துப் போடுங்கள். படித்து முடித்ததும் ஷட்டரைத் தள்ளி, நடு உலோக வட்டைத் திருப்பிக்கொண்டே வெளிச்சத்தில் பாருங்கள். வளைய வளையமாகக் கீறல் புதிதாகத் தெரிந்தால் ஹெட்டில் இன்னும் ஏதோ ஒட்டியிருக்கிறது. வெள்ளைப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்த டிஸ்க்கை மட்டும் சோதனைக்கும் போடாதீர்கள். ஒரு சுற்றிலேயே ஹெட் மறுபடி அடைத்துக்கொள்ளும்.